ஸ்பீட்ரன் பந்தயம் நடத்துவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ கேம் ஒன்றை முடிந்தவரை சீக்கிரம் முடித்துக் காட்டுவது ஸ்பீட்ரன். அதையே இரண்டு பேரோ இருபது பேரோ ஒரே நொடியில் தொடங்கிச் செய்தால் பந்தயம். சிறிய அளவில் சில தொடர்களை இணையத்தில் நடத்தியவன் என்பதால், புதிதாக நடத்த வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்பீட்ரன்னே நேரத்தோடு நடக்கும் போட்டிதானே. தனியாகப் பந்தயம் எதற்கு?

சாதனைப் பட்டியலுக்காக ஓடுகிறவர் நூறு முறை தொடங்கி, தொண்ணூற்றொன்பது முறை பாதியில் விட்டுவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். பந்தயத்தில் அந்த வசதி இல்லை. முதல் நிமிடத்தில் சறுக்கினாலும் அதே ஓட்டத்தைத்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

இதனால் ஆடும் விதமே மாறிவிடுகிறது. பத்து முறைக்கு மூன்று முறைதான் பலிக்கும் ஒரு தாவல் இருக்கிறது, பலித்தால் நான்கு நொடி மிச்சம், தவறினால் இருபது நொடி நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதனைக்கு ஓடுகிறவர் அதை முயன்றே ஆக வேண்டும். பந்தயத்தில் ஓடுகிறவர் பேசாமல் சுற்றுவழியில் போய்விடுவார். பின்தங்கிவிட்டோமோ என்ற சந்தேகம் உறுத்தும்போதுதான் துணிவார். பார்வையாளர்கள் காத்திருப்பது அந்தத் துணிவுக்காகத்தான்.

எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது?

உங்களைச் சுற்றிக் குறைந்தது எட்டுப் பேர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டை. பந்தயம் அறிவித்தால் ஆட்கள் கற்றுக்கொண்டு வருவார்கள் என்று நம்பி இறங்கியவர்கள் எல்லோரும் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும்தான்.

அதன் பிறகு நீளத்தைப் பாருங்கள். ஒரே விளையாட்டிலேயே பல பிரிவுகள் இருக்கும். சூப்பர் மரியோ 64-ஐ எடுத்துக்கொண்டால், 16 நட்சத்திரங்கள் சேர்த்து முடிக்கும் பிரிவை முன்னணி வீரர்கள் கால் மணி நேரத்தில் முடிக்கிறார்கள். 70 நட்சத்திரத்துக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. 120 நட்சத்திரமும் சேர்க்க ஒன்றரை மணி நேரம் தாண்டும். முதல் தொடருக்கு நடுவில் இருப்பதே நல்லது. கால் மணி நேரப் பந்தயத்தில் ஒருவர் ஒருமுறை கீழே விழுந்தால் ஆட்டம் முடிந்துபோகும். ஒன்றரை மணி நேரப் பந்தயத்தில் மூன்றில் ஒரு பங்குப் பார்வையாளர்களாவது எழுந்து போய்விடுவார்கள் என்பது என் அனுபவம்.

அதிர்ஷ்டம் கலந்த விளையாட்டுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். மைன்கிராஃப்ட் ஒவ்வொரு முறையும் புதிய உலகத்தை உருவாக்குகிறது. இருவருக்கு இரண்டு வெவ்வேறு உலகம் கிடைத்தால் அது பந்தயமே ஆகாது. அதனால்தான் இருவரையும் ஒரே சீடில், அதாவது உலகத்தை உருவாக்கும் அதே தொடக்க எண்ணில், மோதவிடும் மாற்றுநிரல்கள் (விளையாட்டோடு ரசிகர்கள் சேர்க்கும் 'மாட்'கள்) அங்கே பெரும் வரவேற்பைப் பெற்றன. பொருள்கள் இருக்கும் இடங்களைக் கலைத்துப்போடும் ரேண்டமைசர் பந்தயங்களும் இதே வழியில்தான் நடக்கின்றன. சீடு ஒன்றுதான், ஆனால் பந்தயம் தொடங்கும்வரை யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். புதியவருக்கும் பழையவருக்கும் உள்ள இடைவெளி இதில் கொஞ்சம் குறைகிறது என்பதால், சிறிய குழுக்களுக்கு நான் முதலில் சொல்வது ரேண்டமைசரைத்தான்.

விதிகளில் எதை எழுதியே தீர வேண்டும்?

நேரம் எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பதை. இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பீர்கள். கடைசி எதிரியின் உயிர் தீர்ந்த கணமா, கடைசியாகப் பொத்தானைத் தொட்ட கணமா, திரை கறுத்த கணமா என்று இறுதிப் போட்டி முடிந்தபின் வாதிட்டிருக்கிறார்கள். ஒரே வரி போதும், ஆனால் அந்த வரி இருக்க வேண்டும்.

அடுத்தது கருவி. பழைய கன்சோல்களில் ஐரோப்பியப் பதிப்பு நொடிக்கு 50 படங்கள், அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகள் 60 படங்கள் என்ற கணக்கில் ஓடின. வேகத்தைச் சரிசெய்யாமல் வெளியிட்ட விளையாட்டுகள் ஐரோப்பியக் கன்சோலில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே நகரும். மொழியும் வித்தியாசம் செய்யும். உரையாடல் நிறைந்த பல விளையாட்டுகளில் ஜப்பானியப் பதிப்பின் வசனங்கள் குறைந்த எழுத்துகளில் ஓடி முடிந்துவிடும். கணினியில் என்றால், வேகமான வட்டு வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் சில நொடிகள் லாபம். லோடிங் நேரத்தைக் கழித்துக் கணக்கிட லைவ்ஸ்பிலிட் போன்ற டைமர்களில் பல விளையாட்டுகளுக்குத் தானியங்கி வசதி உண்டு. ஆனால் கழித்த நேரத்தை வைத்து வென்றவரை அறிவித்தால், திரையில் முதலில் முடித்தவர் தோற்றுப்போகும் விசித்திரம் நடக்கலாம். பார்வையாளர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. நேரலைப் பந்தயத்துக்கு நேரடிக் கடிகாரமே போதும், கருவிகளை முன்கூட்டியே ஒரே தரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்பது என் கட்சி.

எந்தக் கிளிட்ச், அதாவது விளையாட்டின் நிரலில் உள்ள எந்தப் பிழையைப் பயன்படுத்துவது, செல்லும், எது செல்லாது, விளையாட்டு உறைந்து நின்றால் என்ன, மின்சாரம் போனால் என்ன என்பவற்றையும் எழுதிவிடுங்கள். பந்தயம் நடக்கும்போது விதியை மாற்றாதீர்கள்.

எத்தனை பேரைச் சேர்க்கலாம்? எந்த முறையில்?

கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். 32 பேர், தோற்றவர் உடனே வெளியேறும் முறை என்றால் 31 ஆட்டங்கள். இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம் என்றால் 62 அல்லது 63. யாரும் வெளியேறாமல், ஒரே அளவு வெற்றி பெற்றவர்கள் அடுத்தடுத்து மோதும் ஸ்விஸ் முறையில் ஐந்து சுற்று வைத்தால் 80. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீரர்கள், இரண்டு வர்ணனையாளர்கள், ஒளிபரப்புக்கு ஒருவர் என ஐந்து பேருடைய ஓய்வு நேரம் ஒத்துவர வேண்டும். அதுவும் வெவ்வேறு நேர மண்டலங்களில். தொடர்கள் பாதியில் நின்றுபோவதற்குப் பணத்தைவிட இந்த நாட்காட்டிச் சிக்கல்தான் பெரும்பாலும் காரணம். முதல் முறை 16 பேரோடு நிறுத்துங்கள்.

பந்தயத்தைத் தொடங்குவது எப்படி?

இதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. முன்பு ஸ்பீட்ரன்ஸ்லைவ் என்ற தளத்தில் அரட்டை அறையில் இருந்த ஒரு தானியங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. இப்போது ரேஸ்டைம் டாட் ஜிஜி பரவலாகப் புழங்குகிறது. அறைக்குள் நுழைந்து எல்லோரும் 'தயார்' என்று அழுத்தியதும் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். முடித்தவர் 'முடித்தேன்' என்றும், விட்டவர் 'விலகுகிறேன்' என்றும் பதிவார்கள். நடுவர் ஒருவர் அறையில் இருந்தால் போதும்.

இரண்டு வீரர்களின் திரைகளையும் எப்படி ஒத்திசைப்பது?

பந்தயம் நடத்துவதில் ஆகக் கடினமான வேலை இதுதான் என்று சொல்வேன். பார்வையாளர் கேட்பது ஒரே கேள்வி: இப்போது யார் முன்னால்? அதற்கு உங்கள் திரை பொய் சொல்லக் கூடாது.

ஒவ்வொரு வீரரின் ஸ்ட்ரீமும் உங்களிடம் வந்து சேரும் தாமதம் வேறுபடும். ஒருவருடையது மூன்று நொடியில் வரும், இன்னொருவருடையது பதினான்கு நொடியில். இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், உண்மையில் பின்னால் இருப்பவர் திரையில் முன்னால் தெரிவார்.

என் இரண்டாவது தொடரின் அரையிறுதியில் இதுதான் நடந்தது. இடப்பக்க வீரர் பத்து நொடிக்கு மேல் முன்னால் போகிறார் என்று வர்ணனையாளர்கள் அரை மணி நேரம் கொண்டாடினார்கள். கடைசியில் அவர் திரையிலும் முதலில் முடித்தார். பந்தயத் தளத்தின் அறையில் பார்த்தால், வலப்பக்க வீரர் ஐந்து நொடி முன்னதாகவே முடித்துவிட்டதாகப் பதிவு. அரட்டைப் பெட்டி கொதித்தது. தவறு முழுக்க என்னுடையது. பந்தயம் தொடங்கிய முதல் நிமிடத்தில் ஒத்திசைத்துவிட்டேன், உண்மைதான். பாதியில் இடப்பக்க ஸ்ட்ரீம் ஒருமுறை அறுந்து மறுபடி இணைந்ததைக் கவனிக்கவில்லை. இணையும்போது பழைய தாமதம் போய்ப் புதிய தாமதம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பழக்கம். வீரர்கள் எல்லோரும் தங்கள் டைமரைத் திரையில் தெரியும்படி வைத்தாக வேண்டும் என்பது விதி. ஒளிபரப்பாளர் இரண்டு டைமர்களையும் பார்த்து, முன்னால் ஓடும் படத்தைச் சில நொடிகள் நிறுத்திப் பிடித்து, எண்கள் ஒன்றானதும் விடுவார். நேரலையை வேறு பிளேயருக்கு அனுப்பும் ஸ்ட்ரீம்லிங்க் நிரல் வழியாக விஎல்சி பிளேயரில் திறந்து, அதில் இடைநிறுத்தப் பொத்தானை அழுத்தி விடுவதுதான் எளிய வழி. அந்தச் சாளரங்களை ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற ஒளிபரப்பு மென்பொருளில் பிடித்து ஒரே திரையாக்கிக்கொள்ளலாம். இரண்டாவது பழக்கம், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை டைமர்களை மறுபடி ஒப்பிடுவது. மேசையில் ஒரு சமையல் கடிகாரம் வைத்திருக்கிறேன். அது அடித்தால் பார்ப்பேன்.

வர்ணனைக்கு எப்படிப்பட்டவர்கள் வேண்டும்?

இரண்டு பேர். ஒருவர் அந்த விளையாட்டில் தோய்ந்தவர். மற்றவர் கேட்கத் தெரிந்தவர். இருவரும் நிபுணர்களாக இருந்துவிட்டால் பத்தாவது நிமிடத்தில் அது இரண்டு நண்பர்களின் அந்தரங்க உரையாடலாகிவிடும். கிளிட்ச்களுக்கு வீரர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர்கள் பொழியும், புதிதாக வந்தவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். "சுவருக்குள் புகுந்துவிட்டாரே, எப்படி?" என்று அசட்டுத்தனமாகத் தோன்றும் கேள்வியைக் கேட்கும் ஆள் பக்கத்தில் இருந்தால் நிபுணர் தரைக்கு இறங்கி வருவார்.

நல்ல வர்ணனையாளர் திரையில் தெரிவதைத் திரும்பச் சொல்ல மாட்டார். அடுத்து வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவைப்பார். "இன்னும் நாற்பது நொடியில் ஒரு கதவு வரும், அதைத் திறக்காமலே தாண்ட ஒரு வழி இருக்கிறது, இந்தப் பருவத்தில் இவர் அதில் இரண்டு முறை விழுந்திருக்கிறார்." இப்படிச் சொல்லிவிட்டால், அந்த விளையாட்டை வாழ்நாளில் தொட்டிராதவரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். கதவைத் தாண்டிய பிறகு அதை விளக்கி என்ன பயன்?

இடைவெளியைச் சொல்வதிலும் ஒரு முறை உண்டு. இருவரும் வெவ்வேறு அறைகளில் இருக்கும்போது "ஏழு நொடி முன்னிலை" என்பது ஊகம். இருவரும் கடந்தே ஆக வேண்டிய இடங்கள் ஐந்தாறு குறித்துக்கொள்ளுங்கள். முதலாமவர் கடக்கும்போது டைமரை எழுதிவைத்து, இரண்டாமவர் கடக்கும்போது கழித்துச் சொல்லுங்கள். வழியைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் ரேண்டமைசர்களில் இதுவும் உதவாது. அங்கே யார் என்னென்ன பொருள் எடுத்திருக்கிறார் என்ற பட்டியலைத் திரையில் காட்ட வேண்டும், அதைப் புதுப்பிக்கத் தனி ஆள் வேண்டும்.

வர்ணனையாளர்கள் பொதுமக்கள் பார்க்கும் நேரலையைப் பார்த்துப் பேசக் கூடாது. படம் அவர்களிடம் தாமதமாக வரும், குரல் அதற்கும் பின்னால் போகும். ஒளிபரப்பாளரின் கணினியிலிருந்து விடிஓ நிஞ்சா போன்ற குறைந்த தாமத வழியில் தனி இணைப்புக் கொடுங்கள். வலுவாக ஒளி மின்னும் விளையாட்டு என்றால் தொடங்கும் முன்னரே எச்சரிக்கை சொல்லச் சொல்லுங்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் காட்சிகள் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்தானவை.

மௌனம் விழுந்துவிட்டால்?

விழட்டும். முக்கியமான தாவலுக்கு முன் ஐந்து நொடி மௌனம் எந்த வர்ணனையையும்விட நன்றாக வேலை செய்யும்.

வீரர்கள் நேரலையைப் பார்த்து ஏமாற்ற முடியாதா?

முடியும். முக்கியமாக ரேண்டமைசரில், எதிராளி எங்கே எதை எடுத்தார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பொது ஒளிபரப்பைப் பல நிமிடங்கள் தாமதப்படுத்துவது ஒரு வழி. வீரர்கள் தங்கள் சொந்தக் கணினியில் முழு ஓட்டத்தையும் பதிவு செய்துவைக்க வேண்டும், கேட்டால் தர வேண்டும் என்பது இன்னொரு வழி. இறுதிச் சுற்றுகளில் கையைக் காட்டும் கேமராவும் கேட்கலாம். ஒருவர்மேல் சந்தேகம் வந்தால் நேரலையில் வாயைத் திறக்காதீர்கள். பதிவை வாங்கி, அந்த விளையாட்டை அறிந்த இருவரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள்.

பரிசுத்தொகை கட்டாயமா?

இல்லை. பழைய தொடர்களில் பல வெறும் பெருமைக்காக நடந்தவை. பணம் வைத்தால் கூடவே வேலையும் வரும்: வென்றவர் சிறார் என்றால் பெற்றோரின் சம்மதம், நாடு கடந்து அனுப்பினால் வங்கிக் கட்டணம், அவரவர் நாட்டு வரி. நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசு கொடுப்பதைச் சில இடங்களின் சட்டம் சூதாட்டத்தோடு சேர்த்துப் பார்க்கும். விசாரிக்காமல் இறங்க வேண்டாம்.

ஸ்பான்சரை எப்போது தேடலாம்?

இரண்டு தொடர்களைக் குறித்த தேதியில் தொடங்கிக் குறித்த தேதியில் முடித்த பிறகு. அதற்கு முன் உங்களிடம் விற்க எதுவும் இல்லை. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, பணம் இருந்தால்தானே நன்றாக நடத்த முடியும் என்கிறார்கள். ஒத்திசைவுக்கும் விதிக்கும் நாட்காட்டிக்கும் பணம் தேவையில்லை. தேவைப்படுவது பொறுமை.

தேடும்போது பெரிய நிறுவனத்திடமிருந்து தொடங்காதீர்கள். கன்ட்ரோலர் பழுதுபார்ப்பவர், கன்சோலின் படத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் கேப்சர் கார்டு விற்பவர், புதிதாக விளையாட்டு வெளியிடும் சிறிய குழு ஆகியோருக்கு உங்கள் முந்நூறு பார்வையாளர்களும் சரியான வாடிக்கையாளர்கள். பணமாக இல்லாமல் பொருளாகத் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்களை நேர்மையாகக் கொடுங்கள். உச்சப் பார்வையாளர் எண்ணிக்கை கண்ணைப் பறிக்கும். ஆனால் வேறொரு ஸ்ட்ரீமர் தம் கூட்டத்தை உங்கள் பக்கம் திருப்பிவிட்ட ஐந்து நிமிடத்தில் வந்த எண்ணாக அது இருக்கலாம். சராசரி எண்ணிக்கையை முதலில் எழுதுங்கள். இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. இத்தனை மணி நேரம் உங்கள் சின்னம் திரையில் இருக்கும், இத்தனை முறை பெயர் சொல்லப்படும் என்று வாக்குக் கொடுங்கள். தொடர் முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள். மறுமுறை பணம் வருவது பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தால்தான்.

பணம் கைக்கு வராமல் பரிசை அறிவிக்காதீர்கள். நான் அறிவித்தேன். ஸ்பான்சர் "இந்த வாரம், இந்த வாரம்" என்று மூன்று மாதம் இழுத்தார். வென்ற பெண்ணுக்கு என் சேமிப்பிலிருந்து அனுப்பிவிட்டு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைவூட்டல் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ஒப்பந்தத்தில் பாதித் தொகை முன்பணம் என்ற வரியைச் சேர்த்துக்கொண்டேன்.

விளம்பரத்தை எந்த இடத்தில் வாசிப்பது?

யாரும் நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாத இடத்தில். திரை தானாக நகரும் கட்டங்கள் இதற்கென்றே செய்தவை போலிருக்கும். சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3-இன் எட்டாம் உலகத்தில் பீரங்கிகளும் கப்பல்களும் வரும் கட்டங்களில் எவ்வளவு பெரிய வீரரும் திரையின் வேகத்தை மீற முடியாது. தாண்ட முடியாத நீளக் காட்சிகளும் அப்படித்தான். ஆகவே விளையாட்டின் வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு, வாசிக்கும் இடங்களை வர்ணனையாளர்களோடு சேர்ந்து குறித்துவிடுங்கள். இறுதி எதிரியின் முன்னால் நின்றுகொண்டு தலையணி ஒலிக்கருவியின் பெருமை பேசினால், பார்வையாளர் அந்தக் கருவியையே வெறுத்துவிடுவார்.

பணம் வாங்கிச் சொல்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பல நாடுகளில் அது சட்டம். ட்விட்ச் போன்ற தளங்களும் அதற்கென்று அடையாளக் குறி வைத்திருக்கின்றன.

விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டுமா?

ஸ்பான்சர் வந்துவிட்டால், கட்டாயம் விசாரியுங்கள். விளையாட்டின் உரிமை அந்த நிறுவனத்துடையது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி. சிலர் எதையும் கண்டுகொள்வதில்லை. நின்டெண்டோ 2023-இல் சமூகப் போட்டிகளுக்கென்று விதிமுறைகளை வெளியிட்டது. நேரில் நடத்தினால் 200 பேர், இணையத்தில் 300 பேர் என்று வரம்பு வைத்தது, உரிமம் இல்லாத போட்டிகள் வெளியார் ஸ்பான்சர்ஷிப் பெறக் கூடாது என்றும் சொன்னது. அதாவது மரியோ பந்தயத்துக்குச் சின்னஞ்சிறு ஸ்பான்சரைச் சேர்ப்பதுகூட அந்த விதிகளுக்கு வெளியே போய்விடுகிறது. இத்தகைய விதிமுறைகள் நாட்டுக்கு நாடு மாறும், அடிக்கடி திருத்தப்படும் என்பதால் தொடர் அறிவிக்கும் வாரத்தில் மறுபடி படியுங்கள். இடைவேளையில் ஓடவிடும் பாடல்களுக்கும் உரிமை உண்டு. அந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் உரிமை தளர்ந்த இசையைப் பயன்படுத்துங்கள்.

ஸ்பான்சருக்குப் பதில் நன்கொடை திரட்டலாமா?

தாராளமாக. ஸ்பீட்ரன் உலகின் மிகப் பெரிய நிகழ்ச்சியே அப்படித்தான் முளைத்தது. கேம்ஸ் டன் குயிக் 2010 ஜனவரியில் ஒரு விழா அரங்கில் நடப்பதாக இருந்தது. அங்கே இணைய இணைப்பு சரிவரவில்லை என்று ஒரு வீட்டின் நிலவறைக்கு இடம் மாற்றினார்கள். அங்கிருந்து 10,000 டாலருக்குச் சற்று மேல் திரட்டி, கேர் என்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். பிற்பாடு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, புற்றுநோய்த் தடுப்பு அறக்கட்டளை என்று கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனி நிகழ்ச்சியாக வளர்ந்தது. நன்கொடை உங்கள் சொந்தக் கணக்கு வழியாகப் போகக் கூடாது, அவ்வளவுதான் என் நிபந்தனை. நேராக அந்த அமைப்புக்கே போகும்படி செய்யுங்கள்.

குறைந்தது எத்தனை பேர் குழுவில் வேண்டும்?

ஒளிபரப்புக்கு ஒருவர், விதிக்கு ஒருவர், நாட்காட்டிக்கு ஒருவர். மூன்றையும் ஒருவரே செய்யலாம். நான் ஒரு தொடர் அப்படிச் செய்தேன், நான்காவது வாரம் காய்ச்சலில் படுத்தபோது தொடரும் என்னோடு படுத்துவிட்டது.

இருவரும் ஒரே நொடியில் முடித்துவிட்டால்?

நடக்காது என்று நினைக்காதீர்கள். முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸில் கடைசிக் கட்டம் தவிர மற்ற கட்டங்களின் முடிவை விளையாட்டு 21 ஃபிரேம்களுக்கு, அதாவது திரையில் 21 படங்கள் மாறுவதற்கு, ஒருமுறைதான் சரிபார்க்கிறது. அது நொடியில் மூன்றில் ஒரு பங்கு. பஸ் அந்த இடைவெளியில்தான் கிளம்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கொஞ்சம் முந்தி வந்தவரும் பிந்தி வந்தவரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறுவார்கள். இப்படி வரிசையாக நடந்தால் இரண்டு நல்ல வீரர்கள் கடைசிக் கட்டத்துக்குள் ஒரே கணத்தில் நுழைவது சாதாரணம்.

இணையத்தில் எண்ணிக்கை முடிந்து 'தொடங்கு' என்பது இருவருக்கும் மிகச் சரியாக ஒரே கணத்தில் போய்ச் சேர்வதில்லை. ஆகவே ஒரு நொடிக்குள் வித்தியாசம் இருந்தால் அறைப் பதிவை நம்பாமல் இருவரின் சொந்தப் பதிவுகளையும் வாங்கி, ஃபிரேம் ஃபிரேமாக எண்ணுவோம், அப்போதும் சமம் என்றால் மறு ஆட்டம் என்று விதியில் எழுதியிருக்கிறோம். ஒரே ஒருமுறை அந்த விதி தேவைப்பட்டது. நானும் நடுவரும் பதிவுகளை இறக்கி எண்ணிக்கொண்டிருந்தோம். இருபது நிமிடம் ஆயிற்று. வர்ணனையாளர்களுக்கு நாக்கு வறண்டு, பேச எதுவும் மிச்சமில்லை. மூன்று ஃபிரேம் வித்தியாசம் என்று கண்டுபிடித்துச் சொல்ல வந்தபோது, வீரர்கள் இருவரும் எங்களுக்காகக் காத்திராமல் மறு ஆட்டத்துக்கு அறையைத் திறந்து 'தயார்' அழுத்திவிட்டிருந்தார்கள்.